இல்லாத படைக்கு விமானங்கள்

போர் தொடங்கிய மாதம் நாடகக் கொட்டகையைப் பூட்டினார்கள். அரண்மனையும் காடும் கடலும் வரைந்து பிழைத்த எனக்கு இனி வேலை இல்லை என்று நினைத்திருந்தபோது, விமானப் படை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூட்டிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அதிகாரி விஷயத்தைச் சொன்னார். நம்மிடம் இருக்கும் விமானங்கள் சொற்பம். அவை மலையடிவார மைதானத்தில் மரங்களுக்கு அடியில் மறைந்து நிற்கின்றன. எதிரி அவற்றைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் கண்ணில் படும்படி இன்னொரு மைதானம் வேண்டும். அதில் மரச்சட்டத்திலும் சாக்குத் துணியிலும் செய்த விமானங்கள் நிற்க வேண்டும். விழுகிற குண்டு அங்கே விழட்டும் என்றார். சோளக்கொல்லைப் பொம்மை பறவையை விரட்டும். இது பறவையைக் கூப்பிடுகிற பொம்மை என்று புரிந்துகொண்டேன்.

இடம் எது என்று கேட்டேன். பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள பொட்டல் என்றார்.

அந்தப் பொட்டலை ஒட்டித்தான் என் அக்கா குடியிருக்கும் தெரு. அத்தான் மலையடிவார மைதானத்தில் எஞ்சின் மெக்கானிக், அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் அக்காவும் மகளும் மட்டும்.

அதிகாரி மேசையில் மூன்று படங்களைப் பரப்பினார். சட்டைத் துணி எடுப்பதுபோல் பிடித்ததை எடுக்கலாம், எப்படியும் எதுவும் பறக்கப் போவதில்லை என்று சிரித்தார். ஒன்று தும்பி மாதிரி பயிற்சி விமானம். இன்னொன்று சண்டை விமானம். மூன்றாவது நான்கு எஞ்சின் வைத்த குண்டுவீச்சு விமானம். நம் ஊரில் யாரும் கண்ணால் கண்டிராதது.

நான் தும்பியைக் காட்டினேன். மரம் குறைவு, துணி குறைவு, காற்றடித்தாலும் சாயாது என்று காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி. இதுக்கு எவன் குண்டு செலவு பண்ணுவான்?”

என் ஆசையும் அதுதானே. வாய் சொல்லாததை முகம் சொல்லிவிட்டது போலும். அந்தப் பக்கம் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“எங்க வெச்சாலும் அது யாரோ ஒருத்தரோட அக்கா வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கும், தம்பி.”

பெரியதையே தேர்ந்தெடுத்தோம். ‘தோம்’ என்று எழுதுவதே நியாயம். எல்லா எஞ்சின் விசிறிகளும் ஒரே மாதிரி நின்றால் பொம்மை என்று தெரிந்துவிடும், ஒவ்வொன்றும் ஒரு கோணலில் நிற்கட்டும் என்று யோசனை சொன்னவன் நான்தான். வேலை கையில் ஏறினால் புத்தி இறங்கிவிடுகிறது. தரையில் எண்ணெய்க் கறை வரைந்தேன். பழுது பார்ப்பதுபோல் ஒன்றின் இறக்கையைக் கழற்றிப் பக்கத்தில் கிடத்தினேன். மேடையில்கூட நான் இவ்வளவு நன்றாகப் பொய் சொன்னதில்லை.

வேலிப் பக்கம் யாரையும் காவலர்கள் விடவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் வால்கள் மட்டும் தெரியும். ஆனாலும் அவை வந்து இறங்கிய இரைச்சலில் தூக்கமே போயிற்று என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு.

நான் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. நம்மைக் காக்க விமானங்கள் வந்துவிட்டன என்று தெருவுக்குத் தைரியம் வந்துவிட்டது. மூட்டை கட்டியவர்கள் பிரித்தார்கள். மற்றத் தெருக்காரர்கள் இங்கே வாடகைக்கு அறை தேடி அலைந்தார்கள். அக்கா மாடி அறையை நாத்தனாருக்கு ஒழித்துக் கொடுத்திருந்தாள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

“அவளே என்னைத் தேடி வந்துட்டான்னா பாத்துக்கோ, அது எவ்வளவு பெரிய ப்ளேன்னு” என்றாள்.

என் அறைக்கு வந்துவிடச் சொல்லி அழைத்தேன். காரணம் சொல்ல வழியில்லை. வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். உன் புறாக்கூண்டில் நாங்கள் எங்கே படுப்பது, பரணிலா என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

ஒரு காலையில் மிக உயரத்தில் எதிரி விமானம் ஒன்று வந்தது. பொட்டலை ஒருமுறை வட்டமிட்டு, எதுவும் போடாமல் போய்விட்டது. படம் எடுத்துப் போகிறான், நாளைக்கோ மறுநாளோ கூட்டத்தோடு வருவான் என்று அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நேரே அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

“அக்கா, அது எல்லாமே மரம். நான் செஞ்சது.”

சிரித்தாள். பிறகு என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல் பெயின்ட்டையும், ஜன்னலுக்கு அப்பால் தெரிந்த வாலையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

“அவர் இருக்கற இடம் அவங்களுக்குத் தெரியாதே?”

“இன்னும் தெரியாது.”

“இங்க தெருவே காலியாயிட்டா?”

“பொம்மைன்னு புரிஞ்சிடும். நெஜத்தைத் தேடுவாங்க.”

மகளின் துணிகளை ஒரு பையில் திணித்து என் கையில் கொடுத்தாள். நீயும் வா என்று கெஞ்சினேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் இருக்கும்போது சொல்லாமல் எப்படி நழுவுவது, சொன்னால் அவர் கதி என்ன என்று திருப்பிக் கேட்டாள். நாத்தனாரை என்ன சொல்லி அனுப்புவாய் என்றேன்.

“சண்டை போட்டு அனுப்பிடறேன். அது ஒண்ணும் எனக்குக் கஷ்டமில்ல.”

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதித் தெரு தாண்டுவதற்குள் மாடியிலிருந்து அக்காவின் குரல் கிளம்பியது. கல்யாணத்தன்று சொன்ன சொல்லிலிருந்து நேற்று உடைந்த கண்ணாடி டம்ளர் வரை ஒவ்வொன்றாக எடுத்து வீசினாள். நாத்தனாரும் சளைக்கவில்லை. பெட்டி ஒன்று படியில் உருண்டது. மாமா, அம்மா ஏன் அழுதுகொண்டே திட்டுகிறாள் என்று குழந்தை கேட்டது.

வேடிக்கை பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எல்லாரும் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நாளைக்குக்கூடக் காத்திராமல் மலைப் பக்கமிருந்து தாழ்ந்த குரலில் வந்துகொண்டிருந்த எதிரி விமானக் கூட்டத்தின் சத்தம் என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.