சுமாவுக்குப் போட்ட துப்பட்டா

மாரிகுப்பத்தில் காலை ரயில் காலியாகத்தான் நிற்கும். அங்கே ஏறுகிறவர்கள், அடுத்த ஸ்டேஷன்களில் ஏறப்போகிறவர்களுக்கு இடம் போட்டு வைப்பார்கள். கைக்குட்டையோ டிபன் பையோ எது விழுந்தாலும் சரி, அந்த இடம் பெங்களூர் வரைக்கும் ஒருவருக்குச் சொந்தம். வாணியின் துப்பட்டா தினமும் சுமாவுக்காக விழும். அதுவும் ஜன்னலோரத்தில்.

சுமா, ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் துளசிராமனின் மகள். பெங்களூரில் ஏசி ஆபீஸில் வேலை. கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, வாணியின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டு உட்காருவாள். தையல் கம்பெனிக்குப் போகிற வாணிக்கு அந்தத் தட்டு போதும், அன்றைய பொழுது நிமிர்ந்து ஓடும். சுமாக்காவுக்கு வேண்டியவள் என்று பெட்டிக்கே தெரியுமே!

ஒருநாள் சுமாவோடு ஆபீஸ் தோழி ஒருத்தியும் ஏறினாள். வாணியைப் பார்த்து, "யாருப்பா இது, உன் தங்கச்சியா?" என்று கேட்டாள்.

"சே, தங்கச்சியா! சீட்டு போடற பொண்ணு. நாய்க்குட்டி மாதிரி, தட்டிக் குடுத்தா போதும்" என்றாள் சுமா.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வாணியும் சிரித்தாள். தானும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

மறுநாள் சுமா ஏறியதும் வாணி துப்பட்டாவைச் சுருட்டி எடுத்தாள். பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மாளைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைத்தாள். சுமா கத்துவாள், தான் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தாள். சுமாவோ போனிலிருந்து நிமிரக்கூட இல்லை.

"பரவால்ல வுடு" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் அந்த வரிசையில், மாரிகுப்பத்தில் ஏறும் ஜாய் என்ற பெண் தன் ஷாலைப் போட்டு வைத்திருந்தாள். சுமா ஜாயின் கன்னத்தைத் தட்டினாள். வாணிக்கு வயிறு எரிந்தது. தான் அடித்த அடி சுமாவுக்கு உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் ஜாயைத் தனியாக அழைத்தாள்.

"ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"இன்னாக்கா?"

"ஒன்ன பத்தி சுமாக்கா இன்னா சொல்லுது தெரியுமா? ஒன் பக்கத்துல ஒக்காந்தா வேர்வ நாத்தமாம். சீட்டுக்காக மூக்கப் புடிச்சினு வருதாம்."

சுமா அப்படிச் சொன்னதே இல்லை. ஞாயிறு முழுக்க யோசித்து வாணி கட்டிய பொய் அது. ஜாய் தன்னையறியாமல் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். அதைப் பார்த்ததும் வாணிக்குச் சுருக்கென்றது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ரயில் கிளம்புவதற்குள் பேச்சு எல்லா வரிசைக்கும் பரவிவிட்டது. கோரமண்டலில் ஏறிய சுமா, ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜாயைப் பார்த்தாள்.

"இன்னாடி, என் சீட்டு எங்க?"

"எங்க நாத்தத்துல ஒக்காந்து இன்னாத்துக்குக்கா கஷ்டப்படறீங்க? வாசல்ல நில்லுங்க, காத்து வரும்."

பெண்கள் சிரித்தார்கள். காலியாயிருந்த இடத்திலெல்லாம் டிபன் பைகள் ஏறின. சுமா ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிறகு அவள் கண் வாணியிடம் வந்து நின்றது.

"நீ இன்னா சொன்ன அவகிட்ட?"

"நானா? நான் இன்னாக்கா சொல்லப்போறேன்!"

சுமா கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. பங்காரப்பேட்டை தாண்டினால் வாணி தூங்கிவிடுவது வழக்கம். அன்று அவள் கண்ணை மூடவில்லை. பண்டிகைப் பலகாரத்தைத் தீர்ந்துவிடக்கூடாதென்று கிள்ளிக் கிள்ளித் தின்கிறவளைப்போல, சுமாவின் முகத்தைப் பெங்களூர் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.