ஐந்தேகால் மணிக் குரல்

சேரப்பணஞ்சேரி வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஆய்வு நிலையத்தில் கோதண்டம்தான் எல்லாம். செயற்கைக்கோள் ஒன்று பூமியைச் சூழ்ந்த அயனி மண்டலத்தை மேலிருந்து ரேடியோ அலைகளால் தட்டிப் பார்த்து, எதிரொலியைக் கீழே அனுப்பும். அது காகிதச் சுருளில் கோடாக விழும். அந்தக் கோட்டைப் பத்திரமாக எடுத்து வைப்பதற்கு அவருக்குச் சம்பளம்.

அன்று, பெருக்கித் துடைக்கும் மரகதம் டிரான்சிஸ்டரோடு வந்திருந்தாள். 1991 மார்ச் மாதம். குவைத்துக்கு வெல்டராகப் போன அவள் புருஷன் கன்னியப்பனிடமிருந்து ஏழு மாதமாகக் கடுதாசி இல்லை. போரில் சிக்கியவர்களின் குரலைப் பதிவுசெய்து வெளிநாட்டு வானொலி ஒன்று சிற்றலையில் ஒலிபரப்பியது. இன்று ஐந்தேகாலுக்கு அவன் முறை என்று வானொலியிலிருந்து கார்டு வந்திருந்தது. ஆள் எப்படியிருக்கிறான், எப்போது வருவான், எல்லாம் அந்தக் குரலில்தான்.

"வூட்ல கொரகொரன்னு கீது சார். இங்க கேட்டுக்குறேன்."

நாலு மணிக்குச் செயற்கைக்கோள் கடந்தது. கோதண்டம் கோட்டைப் பார்த்தார். சூரியப் புயலில் மண்டலம் மெலிந்து கலைந்து கிடந்தது. தூரத்துச் சிற்றலையைத் தரைக்குத் திருப்பி விடுவதே அந்த மண்டலம்தான். படித்த படிப்பெல்லாம் இதை ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்துகொள்ளத்தான் உதவியது.

"மரகதம், இன்னிக்கு ரேடியோ எடுக்காதும்மா. மேல கலைஞ்சி கீது."

"உங்க சேட்லைட் மேலதான கீது? சரி பண்ணச் சொல்லுங்க சார்."

"அது பாக்கத்தான் பாக்கும்."

அவள் நம்பவில்லை. ஐந்தேகாலுக்கு டிரான்சிஸ்டர் இரைந்தது. கோதண்டம் விதியை மீறி, கூரை ஆண்டெனாவின் கம்பியை அதில் மாட்டிப் பார்த்தார். அப்போதும் இரைச்சல்தான். அரை மணி நேரம் காதை வைத்திருந்துவிட்டு அவளே அணைத்தாள்.

தொலைபேசி அடித்தது. சென்னையிலிருந்து இயக்குநர்.

"பத்து வருஷமா காத்திருந்த புயல்யா இது. முழுசா பதிவாச்சா?"

"முழுசா பதிவாச்சு சார்."

"பிரமாதம்."

கோதண்டத்துக்குக் கூசியது. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். மரகதம் காகிதச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசா பதிவாச்சுன்னீங்களே. அவரு பேசுனது இதுல கீதா?"

"இல்லம்மா. இதுல குரல் வராது."

"ஆனா அவரு பேசுனாரு இல்ல?"

"பேசியிருப்பாரு."

"அப்போ அது எங்க போச்சு சார்?"

அவருக்குத் தெரியும். தடுத்துத் திருப்ப ஆளில்லாமல் மண்டலத்தைத் துளைத்து, செயற்கைக்கோளையும் தாண்டி, அது போய்க்கொண்டே இருக்கும்.

"வெளிய போயிடுச்சும்மா," என்றார்.

"திரும்பி வருமா?"

கோதண்டம் காகிதச் சுருளை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.