மாமா தொடாத மீன் குழம்பு

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் யேசுரட்ணம் மாமா மீன் சட்டியை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, பருப்பையும் சம்பலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேனுஜா அகப்பையோடு நின்றாள். "ஒரு துண்டு போடட்டோ மாமா?"

"வேண்டாம் பிள்ளை. இது காணும்."

போதும் என்றவர் சம்பலோடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். பசியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்த மனிதருக்கு மருமகளாக, ஈச்சிலம்பற்றிலிருந்து அவள் வந்து ஐந்து மாதம். வெள்ளிக்கிழமைகளில் றீற்றா மாமி மாதா கோயில் துப்புரவுக்குப் போய்விடுவார். அன்றைக்குக் குசினி மேனுஜாவுடையது. மாங்காய் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு அவள் காய்ச்சும் மீன் குழம்பை முன்பெல்லாம் மாமா விரலால் வழித்துச் சாப்பிடுவார். இப்போது மூன்று கிழமையாகத் தொடுவதில்லை.

தவக்கால நோன்பு என்பதாலும் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு முன் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: வெள்ளியில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும். அதோடு, செவ்வாய்க்கிழமை றீற்றா மாமி வைத்த சூரைமீன் குழம்பை இதே மாமா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாரே. அப்படியானால் கோளாறு மீனில் இல்லை, அவள் கையில்.

இது வெறும் மனவருத்தத்தோடு போகிற விஷயமுமல்ல. உயிர்ப்பு ஞாயிறன்று, ஈஸ்டர் விருந்துக்கு, மாமாவின் அண்ணன்மார் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள். இருபது பேர். "இந்த முறை மீன் குழம்பு மேனுஜா" என்று மாமி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரே ஒதுக்குகிற குழம்பை இருபது பேருக்கு எப்படிப் பரிமாறுவது? ஐந்தாவது வெள்ளிக்குள் காரணம் தெரியாவிட்டால், என்னால் ஏலாது என்று மாமியிடம் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தாள்.

முதல் சந்தேகம் தூளில். அம்மா வறுத்து இடித்துக் கொடுத்த தூள் முடிந்து, கடைத்தூள் பாவிக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். அம்மாவுக்கு அழைத்தாள், மூதூர் வழியாக வந்த பஸ்ஸில் இரண்டு போத்தல் தூள் வந்து சேர்ந்தது. நான்காவது வெள்ளி வீடு முழுக்க மணத்தது. மாமா பருப்பைச் சாப்பிட்டார்.

அடுத்தது மீன். மறுநாள் காலை, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் முனாஸை வாசலில் மறித்தாள்.

"முனாஸ் நானா, நேற்றுத் தந்தது பழைய மீனோ?"

"என்ன தங்கச்சி, விடிய வலையால எடுத்த மீனை இப்பிடிச் சொல்றீங்க? உங்கட மாமாட்டக் கேளுங்க. ஒவ்வொரு வெள்ளியும் சந்தியில என்னை நிப்பாட்டி, இண்டைக்கு மருமகளுக்கு என்ன மீன் குடுக்கப் போறாய் எண்டு பெட்டிக்குள்ள தலையை விட்டுப் பாத்திட்டுத்தானே வேலைக்குப் போறார்."

மேனுஜா மீன் வாங்க மறந்து உள்ளே வந்தாள். சாப்பிடாதவர் எதற்குப் பெட்டிக்குள் தலையை விடுகிறார்?

பின்னேரம், கணவன் மெல்ரோய் தேநீர் குடிக்கையில் கேட்டேவிட்டாள். "என்னப்பா, உங்கட அப்பாவுக்கு என்ர சமையல் பிடிக்கேல்லையோ?"

"பிடிக்காட்டி அவர் வாயைத் திறந்து சொல்லிப்போடுவார். அம்மா ஒருக்காப் புட்டைக் குழைய அவிச்சுப்போட்டு அவரிட்ட என்ன பாடுபட்டவ தெரியுமே."

"அப்ப ஏன் மீனைத் தொடுறேல்லை?"

மெல்ரோய் சிரிப்பை அடக்கினான். "இஞ்ச ஒரு வழக்கம் இருக்கு. தவக்காலத்தில ஆளாளுக்கு ஒண்டை ஒறுப்பம், தொடாம விட்டிடுவம். தனக்கு ஆகப் பிடிச்சது எதுவோ, அதை. ஆனா உயிர்ப்பு வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, ஒருத்தரும் கேக்கவும் கூடாது. அம்மா சீனியில்லாமத் தேத்தண்ணி குடிக்கிறதைக் கண்டிருப்பாய். நான் எதை விட்டனான் எண்டு கேக்காதை."

அவள் அதைக் கேட்கவில்லை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமியிடம் நேரே போனாள்.

"மாமி, மாமா விட்டது என்ர குழம்பையோ?"

துருவல் நின்றது. "நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனா முதல் வெள்ளியே மிஞ்சின சட்டியைப் பாத்து எனக்கு விளங்கிட்டுது." மாமி கையிலிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டினார். "முப்பத்தொரு வருசம் காய்ச்சிப் போட்டனான் பிள்ளை. சுருட்டை விட்டார், வெத்திலையை விட்டார், ஒரு வருசம் சீட்டுக் கடதாசி விளையாட்டையும் விட்டார். என்ர குழம்பை ஒருக்காலும் விட்டதில்லை."

மேனுஜாவுக்குச் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. "அப்ப வெள்ளியில நான் மீன் காய்ச்சாம விடட்டோ?"

"பிறகு அந்த மனிசன் எதை ஒறுக்கிறது? இன்னும் நல்லாக் காய்ச்சு."

ஐந்தாவது வெள்ளி மாமி துப்புரவுக்குப் போகவில்லை. குசினியில் கதிரையைப் போட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"வெந்தயம் இப்பவே போடுறாய்?"

"ஓம் மாமி. வெங்காயத்தோட."

"மாங்காய்?"

"பால் கொதிச்சாப் பிறகு. முந்திப் போட்டாக் கரைஞ்சிடும்."

"அதுதானே பாத்தன்," என்றார் மாமி. ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். பிறகு இன்னொரு கரண்டி எடுத்தார்.

மத்தியானம் மாமா வந்து உட்கார்ந்தார். பருப்பு, சம்பல், ஒரு அப்பளம். மேனுஜா இந்த முறை அகப்பையோடு நிற்கவில்லை. தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"என்ன மீன் பிள்ளை?" என்று மாமா கேட்டார்.

"விளைமீன் மாமா."

"ம்."

அவள் மாமியின் பக்கம் திரும்பினாள். "மாமி, உயிர்ப்பு ஞாயிறுக்கு முனாஸ் நானாட்ட இப்பவே சொல்லி வைக்க வேணும். இருபது பேருக்கு எத்தனை கிலோ எடுக்கட்டும்?"

மாமி கணக்குப் பார்க்க வாயெடுக்கும் முன்பே மாமாவின் குரல் வந்தது. "பத்துக் கிலோ எடு."

"பத்தோ?" என்றார் மாமி.

"அண்ணாக்கள் நல்லாச் சாப்பிடுவினம்," என்றார் மாமா, சம்பலைப் பார்த்தபடியே.