டிரம்மைச் சுற்றி மூன்று கோடுகள்

“அதெல்லாம் சரி தாயி, சோறு வேகுமா வேகாதா? அத இந்தப் போர்டுல எங்க எழுதியிருக்க?”

கேட்டவர் வியாகுலம்மாள். ஆத்தூரில் எங்கள் பெண்கள் விடுதியில் அவர்தான் சமையல். 1984 ஜூனில் கட்டிய சாண எரிவாயுத் தொட்டிக்கு நான் பொறுப்பு. உற்பத்தி இத்தனை கன மீட்டர், செலவு இத்தனை என்று தினமும் கரும்பலகையில் எழுதிவந்தேன். அப்படியும் இரண்டு நாள் சோறு பாதி வேகும்போதே அடுப்பு அணைந்துவிட்டது.

“அந்தம்மா கேஸ வீணாக்குது. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன், பெறகு வெறகுதான்” என்றார் வார்டன் ஸ்தனிஸ்லாஸ்.

விறகுப் புகை பட்டால் வியாகுலம்மாளுக்கு இழுப்பு வரும். இந்த ஐந்து மாதமாகத்தான் பாடிக்கொண்டே சமைக்கிறார்.

சமையல்கட்டு ஜன்னலில் பார்த்தால் தொட்டி தெரியும். வாயு சேர்ந்தால், சாணக் கரைசலில் மிதக்கும் இரும்பு டிரம் எழும்பும், செலவானால் இறங்கும். அப்புறம் பலகை எதற்கு? டிரம்மைத் துடைத்து, ஜன்னலைப் பார்த்த பக்கத்தில் மூன்று கோடு போட்டேன். மேலே இருக்கும் வெள்ளை மட்டும் தெரிந்தால் காப்பி. அடுத்த மஞ்சளும் தெரிந்தால் குழம்பு. அடியில் இருக்கும் சிவப்பும் தெரிந்தால்தான் எழுபது பேருக்குச் சோறு.

மறுநாள் காலை கோடுகளையே காணோம்! சாணக் கரைசல் மேலே ஏடு கட்டாமலிருக்க தினமும் டிரம்மைச் சுற்றிவிடுவோம். நானேதான் சுற்றினேன். கோடுகள் தொழுவத்துப் பக்கம் போய்விட்டன.

“மாட்டுக்கா கணக்குச் சொல்லிக்குடுக்குற?” என்று சிரித்தார் வியாகுலம்மாள்.

ஓடிப்போய் மூன்றையும் டிரம் முழுக்க வளையமாக இழுத்தேன்.

ஞாயிறு விடியலில் சிவப்பு தெரிந்தது. செத்த நேரத்தில் மறைந்தது. வியாகுலம்மாள் வார்டனை ஜன்னலுக்கே கூப்பிட்டார்.

“எப்பவும் போல ஒங்களுக்குக் குளிக்க ஒரு அண்டா வெந்நி வச்சேன் சார். செவப்பு முங்கிருச்சு. இம்புட்டு நாளும் எனக்கே தெரியல.”

வார்டன் டிரம்மை எட்டிப் பார்த்தார். “அடப்பாவமே, நானாம்மா?” என்றார். விறகு என்ற பேச்சையே பிறகு எடுக்கவில்லை.

இப்போது பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார். கார்த்திகைக் குளிர் வேறு.

“அவரும் பாவந்தான தாயி. நாலாவதா ஒண்ணு, நீலத்துல போடேன்” என்கிறார் வியாகுலம்மாள். சிவப்புக்கும் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. நல்ல வெயிலடித்து வாயு கூடினால் நீலம் தெரியும். அன்றைக்கு மட்டும் அவருக்கு வெந்நீர்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள், போடட்டுமா?