இரண்டு தீவுகளுக்கு நடுவில் ஒரு நாள்

அண்ணன் கண்களை மூடிக்கொண்டு துணிப்பைக்குள் வலது கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். பைக்குள் ஒரு சட்டைப் பித்தான், ஒரு சாவி, ஒரு கொண்டை ஊசி, கொஞ்சம் பஞ்சு. வெளியே எடுக்கும் முன்பே எது என்று சொல்லிவிட வேண்டும். மரத்துப்போன விரல்களுக்கு நரம்பு மருத்துவர் கொடுத்திருந்த பயிற்சி அது. கொஞ்ச நேரம் யோசித்து, "சாவி" என்றான். கையோடு வந்தது கொண்டை ஊசி.

"கடலுக்கடியில போயி மீனுக்கெல்லாம் பல்லு எண்ணிட்டு வந்தாரு உங்க அண்ணன். இப்ப சாவிக்குப் பல்லு இருக்கிறதே தெரியல" என்றாள் அண்ணி.

அண்ணன் சிரித்தான். எதிரே உட்கார்ந்திருந்த தங்கை சிரிக்காமல் கொண்டை ஊசியை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

அண்ணன் பல் மருத்துவன். சொத்தையைக் கண்ணால் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மெல்லிய கம்பியைப் பல்லின் மேல் நகர்த்தும்போது, நல்ல பல்லில் அது கண்ணாடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். சொத்தை இருக்கும் இடத்தில் மெழுகில் குத்தியதுபோல் லேசாகப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு கம்பி வழியாக ஏறிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் வந்து சேர வேண்டும். அண்ணனுக்கு இப்போது வந்து சேர்வதில்லை. இரண்டரை மாதமாகக் கிளினிக் பூட்டிக் கிடக்கிறது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும்போது தங்கை சொல்லிவிடத்தான் நினைப்பாள். பழம் வாங்கி வருவாள், திரைச்சீலை மாட்டிக் கொடுப்பாள், குழாய்க்கு வாஷர் மாற்றுவாள். சொல்லாமலே திரும்பிப் போவாள்.

கடலில் மூழ்கிப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பயணம் வகுத்துக் கொடுப்பது அவள் தொழில். அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது, எட்டாத் தொலைவில் இருக்கும் இரண்டு தீவுகளை ஒரே பயணத்தில் கோப்பது. ஒரு தீவுக்குப் போகவே மூன்று விமானம் மாற வேண்டும். கடைசி விமானம் பன்னிரண்டு இருக்கை கொண்டது, வாரத்துக்கு இரண்டு தடவைதான் பறக்கும். புதன்கிழமையைத் தவறவிட்டால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்தத் தீவின் புதனை அந்தத் தீவின் வியாழனோடு பொருத்தி, நடுவே பெரிய விமானத்தையும் படகையும் செருகி, எல்லாம் கச்சிதமாக உட்காரும்போது அவளுக்குக் கதவின் தாழ்ப்பாள் 'டக்' என்று விழுவதுபோல் ஒரு நிம்மதி வரும். அலுவலகத்தில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். அவள் போட்ட நேரம் தப்பாது.

அண்ணனும் அண்ணியும் போகக் கேட்ட இரண்டு தீவுகளுக்கும் தனித்தனியாக அவளே போட்டு வைத்த அட்டவணைகள் இருந்தன. முதல் தீவின் அட்டவணையில் கடைசி நாள் வெறுமை. இரண்டாம் தீவினுடையதில் முதல் நாள் வெறுமை. இரண்டையும் ஒட்டியபோது வெற்று நாட்கள் அடுத்தடுத்து வந்தன. அண்ணனோ, "இன்னும் ஒரு நாள் கெடைக்குமா பாரு, கால்வாய்ப் பக்கம் பெரிய திருக்கை மீனு வருதாம்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒரு வெறுமை போதாதா என்று முதல் வெற்று நாளை எடுத்துவிட்டு, அங்கே இரண்டு முழுக்குகளைப் போட்டாள். மற்றதை அப்படியே விட்டாள். விமானத்தில் அலைந்து போகும் அண்ணி ஒரு நாள் காலை நீட்டிப் படுக்கட்டுமே என்ற அக்கறை.

அந்த இரண்டாவது நாள் அலுப்புக்கு. முதல் நாள் உயிருக்கு. ஆழத்தில் இருக்கும்போது நீரின் அழுத்தத்தில் மூச்சுக்காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடுகிறது, மூடிய சோடா பாட்டிலில் வாயு கரைந்திருப்பதுபோல. மேலே வந்தபின் அது மூச்சு வழியாக மெல்ல மெல்லத்தான் வெளியேறும். விமானத்துக்குள் அழுத்தம் மலையுச்சியில் இருப்பதுபோல் குறைவு. அவசரப்பட்டு ஏறினால் பாட்டிலின் மூடியைச் சட்டென்று திறந்த கதைதான். குமிழிகள் எங்கே போய் அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பல நாள் மூழ்கியவர் பதினெட்டு மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும். அண்ணன் மாலை நான்கு மணிக்குக் கரையேறி, மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம் ஏறினான்.

இறங்கியபோது வலது கை விரல்கள் மரத்திருந்தன. குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறையில் நான்கு தடவை படுக்க வைத்து, இரண்டாம் தீவைப் பார்க்காமலே அவனைத் திருப்பி அனுப்பினார்கள். செய்தி வந்த அன்றே அவள் அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அலுவலகத்தில் சேமித்திருந்த அந்த ஒட்டு அட்டவணையில் அந்த நாளைத் திரும்ப வைத்து, 'எடுக்கக் கூடாது' என்று எழுதினாள். இனி வருகிறவர்களுக்கு ஆபத்தில்லை. அவளைத் தவிர யாருக்கும் தெரியவும் தெரியாது.

"ஆசைக்கு ஒரு அளவு வேணாம்? ஆழமா போனா இப்படித்தான்" என்று அன்றும் அண்ணனைக் கடிந்துவிட்டு, அண்ணி மருந்துக் கடைக்குக் கிளம்பினாள்.

கதவு சாத்தப்பட்டதும் அண்ணன் பையைத் தள்ளி வைத்தான். "மன்னிச்சுடு பாப்பா. எவ்வளவு மெனக்கெட்டுப் போட்டுக் குடுத்த. பாதியில கெடுத்துட்டு வந்துட்டேன்."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மேசையில் கிடந்த மருந்துச்சீட்டு அட்டையைத் திருப்பி, அவனுடைய மைப் பேனாவை எடுத்தாள். வாயால் சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்து, வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோல் கட்டங்கள் போட்டாள். "இது முதல் தீவு. இது ரெண்டாவது. நடுவுல ரெண்டு நாள் காலியா இருந்துச்சு அண்ணா." ஒரு கட்டத்தைத் தடிமனாக அடித்தாள். மை குளம்போல் நின்றது. "இத நான் எடுத்துட்டேன். எதுக்கு வச்சதுன்னு தெரியும். தெரிஞ்சும் எடுத்துட்டேன். நீ ஆழமா போனதால இல்ல."

அண்ணன் அட்டையை இடது கையால் தன் பக்கம் இழுத்தான்.

"வாட்ச்ல விமானப் படம் வந்துச்சு" என்றான். "மூழ்கறவங்க கட்டுற வாட்ச். பறக்கக் கூடாதுன்னா அந்தப் படம் காட்டும். பிளைட் ஏறும்போது இன்னும் மூணு மணி நேரம் பாக்கின்னு இருந்துச்சு. கடலுக்குள்ள வழிகாட்டியா வந்த பையன்கூட முந்தின நாளே கேட்டான், எத்தன மணிக்கு சார் பிளைட்டுன்னு."

"அப்பறம் ஏன் ஏறின?"

"எந்தங்கச்சி போட்டது, எல்லாம் எண்ணித்தான் போட்டிருப்பான்னு சொன்னேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணிகிட்ட நான் சொல்றேன்" என்றாள்.

 அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி மருந்துப் பொட்டலத்தோடு உள்ளே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கீங்க?"

"சும்மாதான். பழசு பேசிட்டு இருந்தோம்" என்றான் அண்ணன். சொல்லும்போதே வலது கை அட்டையின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. காயாத மை அவன் கட்டைவிரலைச் சுற்றிப் பிதுங்கி, நகக்கண் வரை ஏறி, மேசைத் துணியில் நீலமாக இறங்கியது. தங்கையும் அண்ணியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் ஒன்றும் தெரியாமல் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடி, கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.