வராத புகார்

ஒரு திருத்தத்தைக் கொண்டுபோனால் ஐசக் கேட்கும் முதல் கேள்வி ஆபீசில் எல்லோருக்கும் மனப்பாடம். "கஸ்டமர் யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?" இல்லையென்றால் பேச்சு முடிந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக அவன் தயாராக இல்லை. முன்பு ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு திருத்தத்தைச் சேர்க்கப்போய், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளெல்லாம் படுத்துவிட்டன. சூடு கண்ட பூனை, பாவம்.

அவன் கம்பெனி விற்பது கோப்புகளைச் சேமித்துவைக்கும் பெட்டிகள். அவற்றை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல் பழையது. வெளியே புதுக் கெர்னலுக்குச் செய்யப்படும் திருத்தங்களில் எதைப் பழையதற்கும் கொண்டுவருவது, எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் ஐசக்கின் வேலை.

அன்று வந்தவள் அவன் டீமில் இருக்கும் சந்திரிகா.

"சார், பைல் எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போனா, பேரு இருக்கு, சைஸும் சரியா இருக்கு, உள்ள மட்டும் வெறும் ஜீரோ. புதுசுல சரி பண்ணிட்டாங்க. நம்ம பழசுலயும் சேர்த்துடலாமா?"

"கம்ப்ளெய்ன்ட் வந்துச்சாம்மா?"

"ஒண்ணுகூட வரல."

"அப்ப விடு. அடுத்த வருஷம் எப்படியும் புது கெர்னலுக்குப் போறோம்."

சந்திரிகா லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பினாள். "எப்படி சார் வரும்? பைல் கண்ணு முன்னாடி இருக்கு. பெட்டி மேல யாருக்கு சந்தேகம் வரும்? அன்னிக்கு அங்க உக்காந்து வேலை பார்த்தவங்க மேலதான் வரும்."

ஐசக்குக்கு அக்கா ஞாபகம் வந்தது.

அவன் அக்கா யூனிஸ் ராஜகீழ்ப்பாக்கத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். அங்கே ஓடுவதும் அவன் வாங்கிக்கொடுத்த கம்பெனிப் பெட்டிதான். போன மழையில் அக்கா போன் செய்து அழுதாள். "பல்லாவரம் கல்யாணம் மொத்தமா போச்சுடா. பைல் இருக்கு, தொறந்தா ஒண்ணுமில்ல. கேமரா கார்டையும் அழிச்சாச்சு."

ஐசக் போய்ப் பார்க்கக்கூட இல்லை. டிராஃபிக்கில் காரை நகர்த்திக்கொண்டே சொன்னான்: "எங்க பெட்டி அப்படியெல்லாம் பண்ணாதுக்கா. உங்க ஆளுங்க யாரோ கைய வெச்சிருக்காங்க."

ஆளுங்க என்று அங்கே இருந்தது ஒரே ஆள்தான். கடை திறந்த நாள் முதல் எடிட்டிங் பார்த்துவந்த அன்பு. கரண்ட் போய் வந்தது, அவ்வளவுதான், வேறெதுவும் தெரியாது என்று அவர் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தார். படித்த தம்பியின் சொல்லுக்கு முன்னால் அந்தச் சத்தியம் எடுபடவில்லை. அக்கா அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புகார் வராமல் இல்லை. அவன் காதுக்கே வந்தது. சொந்த அக்காதானே என்று அலட்சியமாகத் தட்டிவிட்டான், மடையன்.

"சந்திரிகா, நில்லும்மா," என்றான். "ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. நான்தான் வெளியில சொல்லல. நல்லா டெஸ்ட் பண்ணிச் சேர்த்துடு."

சாயங்காலம் நேராக ஸ்டூடியோவுக்குப் போனான். என்றாவது திறக்கும் என்ற நப்பாசையில் யூனிஸ் அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தாள். ஐசக் அதன் உள்ளே பார்த்தான். கடைசிவரை ஜீரோ.

"பெட்டிதான்க்கா," என்றான். "அவர் இல்ல."

யூனிஸ் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, அனகாபுத்தூர் போலாம்" என்றாள்.

அன்பு வீட்டுச் சந்தில் தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி நின்றிருந்தது. இப்போது அதைத்தான் ஓட்டுகிறாராம். அவர்களை வாசலிலேயே நிறுத்தி, ஐசக் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப நான் இல்லியா சார்?"

"நீங்க இல்லண்ணா."

"நெசமாவா?" அன்பு தலையைச் சொறிந்துகொண்டார். "யோசிச்சு யோசிச்சு, தூக்கக் கலக்கத்துல நான்தான் எதையோ அமுக்கிட்டேன்னு நானே நம்பிகினு கீறேன் சார்."

யூனிஸின் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கே வந்துடு அன்பு."

"வேணாங்க்கா. அந்த சீட்ல குந்துனா இனிமே கை ஓடாது."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஐசக் வந்திருந்தான். அதற்குள் அன்பு உள்ளே பார்த்து, "சரசு, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். ஈரக்கையைத் துடைத்தபடி சரசு வந்தாள்.

"இவளாண்ட இன்னொரு தபா சொல்லு சார். நான் சொன்னப்ப இவளும் நம்பல."

ஐசக் மறுபடி முதலிலிருந்து சொன்னான். சரசு புருஷன் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கே வந்து பொட்டிய பாக்கலியா சார்?"

"பாக்கலம்மா," என்றான் ஐசக்.