மைக்ராஸ்கோப்பின் ரப்பர் வளையம்

தங்கைக்குச் சனிக்கிழமை தேர்வு. செல்போன் போர்டில் செத்துப்போன சிப்பை எடுத்து, புதியதைப் பற்றவைத்து, நாற்பது நிமிடத்தில் போனுக்கு உயிர் கொடுக்க வேண்டும். பாஸானால் பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை, அக்காவின் செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து விடுதலை. புதன்கிழமை காலை எழுந்தால், இடது கண்ணின் இமைகள் பிரிய மாட்டோம் என்று அடம்பிடித்தன. வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் திறந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு.

"என்னைப் பாக்காதே, ஒட்டிக்கும்," என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பார்வை போய் ஒட்டுமா? போன வாரம் உனக்கு வந்தப்ப நான் உன் மூஞ்சியையே பாக்கலையே!"

கண் டாக்டரம்மா ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டுவைத்து, நீல விளக்கில் உற்றுப் பார்த்தார். "கருவிழியில புண் இல்ல. ஹெர்பிஸ்னு ஒரு வைரஸா இருந்தா வைரஸுக்கான மருந்து குடுத்திருப்பேன். இது சாதாரண வைரஸ், தானாப் போயிடும். குளிர்ந்த துணியால ஒத்தடம், செயற்கைக் கண்ணீர் சொட்டு. தனித் துண்டு, தனித் தலையணை. வலி கூடினா, வெளிச்சம் கூசினா, பார்வை மங்கினா உடனே ஓடி வாங்க."

"ஆன்டிபயாட்டிக்?"

"அதை வைரஸ் மதிக்கவே மதிக்காது."

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?"

"வைரஸ்கிட்ட காலண்டர் இல்லம்மா. பத்து நாள் வைங்க. அவசரப்பட்டு யாரோட ஸ்டீராய்டு சொட்டையும் ஊத்தாதீங்க. சிவப்பு போகும், கிருமி போகாது. சில சமயம் கண்ணுக்கே ஆபத்து."

வீட்டுக்கு வந்ததும் அக்கா புருஷன் மேஜை டிராயரைக் குடைந்து சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்தார். "எனக்கு அலர்ஜிக்குக் குடுத்த ஸ்டீராய்டு. ரெண்டே சொட்டு, கண்ணு முட்டை மாதிரி வெளுத்துடும்."

"மாமா, அதைத்தான் வேண்டாம்னாங்க."

"டாக்டர்னா அப்படித்தான் சொல்வாங்க. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேலை வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம்வரை பாட்டில் ஒரு சொட்டும் விடாமல் அவள் சட்டைப்பையிலேயே இருந்தது.

அன்று தன்னிடமிருந்த மாற்றுச் சாவியைக் கொடுக்கக் கடைக்குப் போனவள் வாசலிலேயே நின்றாள்; உள்ளே வரக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. அக்கா ஒரு போர்டை ஸ்பிரிட் தொட்டு மூன்று முறை துடைத்தாள். இடுக்கியைத் துடைத்தாள். மேஜையையும் விடவில்லை. பிறகு மைக்ராஸ்கோப்பின் ரப்பர் வளையங்களில் இரண்டு கண்களையும் அழுத்திக்கொண்டு குனிந்தாள்.

"அக்கா, அந்த ரப்பரை எப்பத் துடைச்சே?"

"எந்த ரப்பரை?" அக்கா நிமிர்ந்தாள். கண்களைச் சுற்றி இரண்டு வட்டத் தடங்கள். "ஐயையோ!"

ஊர்ப்பட்ட போனின் அழுக்கையெல்லாம் கழுவியவர்கள், தாங்கள் இருவரும் மாறி மாறிக் கண் வைக்கும் இடத்தை மட்டும் வாங்கிய நாளிலிருந்து கழுவியதில்லை.

தங்கையின் மனம் வழக்கம்போல் எங்கோ பறந்தது. நாளைத் தேர்வில் ஆறு மைக்ராஸ்கோப், முப்பது பேர். தன் கண்ணோ மாமாவின் சொட்டு விட்டதில் முட்டை மாதிரி வெள்ளை, யாருக்கும் சந்தேகம் வராது. முப்பது வீடுகள், முப்பது தலையணைகள். பஸ்ஸில், வகுப்பில், அலுவலகத்தில் சிவப்புக் கண்கள், எல்லாம் அவளையே பார்க்கின்றன.

வாசலில் நின்றபடியே தேர்வு அதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், எனக்குக் கண்ணுல வைரஸ். நாளைக்கு வந்தா எல்லாருக்கும் பரப்பிடுவேன்."

வேலை போச்சு என்று நினைத்தாள்.

"போன வாரத் தேர்வுக்கு ஒரு புண்ணியவான் இதே கண்வலியைச் சொல்லாம வந்துட்டுப் போனாரும்மா," என்றது மறுமுனையில் ஒரு சோர்ந்த குரல். "இங்க நாங்க மூணு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்கோம். தேர்வே ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு. சொல்லத்தான் கூப்பிட இருந்தோம். ஆமா, உங்க டாக்டர் என்ன குடுத்தாங்க?"

"செயற்கைக் கண்ணீர், சார்."

"எனக்கு அசலே நிறைய வருதும்மா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தாள். பாட்டிலை எடுத்து, மாமாவிடம் திருப்பிக் கொடுக்கும்படி வாசற்படியில் வைத்தாள்.

அக்கா அதைத் தொடவே இல்லை. மூக்கு நுனியில் வியர்வை துளிர்க்க, ரப்பர் வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.